தருமபுரி, கிருஷ்ணகிரியில் அரசு தரும் பயிற்சியும் வேலையும்: எந்த வாசல் திறக்கிறது, எங்கே இடிக்கிறது

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஒரு தொழிலைக் கற்று வேலைக்குப் போக நினைப்பவருக்கு அரசு ஆறேழு வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம், அரசு ஐ.டி.ஐ., மகளிர் திட்டம், நான் முதல்வன், இந்தியன் வங்கியின் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம், மாவட்டத் தொழில் மையம், மாற்றுத்திறனாளிகளுக்கு அவர்களுக்கான நல அலுவலகம். தனித்தனியாக எடுத்துக்கொண்டால் ஒவ்வொன்றும் நல்ல சேவைதான். ஒரு வாசலில் கொடுத்த விவரம் அடுத்த வாசலுக்குப் போவதில்லை என்பதுதான் பெரிய குறை. ஐ.டி.ஐ. முடித்தது வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தானாகத் தெரியாது. ஊனச் சான்று வாங்கியது வேலைவாய்ப்புப் பதிவில் தானாக ஏறாது. இந்த இணைப்பு வேலையை விண்ணப்பிப்பவரே செய்தாக வேண்டும். எதை முதலில் செய்வது, எதை அடுத்து செய்வது என்ற வரிசை தெரிந்தவருக்கு ஆறு மாதத்தில் நடப்பது, தெரியாதவருக்கு இரண்டு வருடம் இழுக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் தொடங்க வேண்டிய இடம் யு.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டை. பயிற்சி, கடன், பஸ் பாஸ், இடஒதுக்கீடு எங்கே போனாலும் முதலில் கேட்பது இதைத்தான். விண்ணப்பம் ஆன்லைனில்தான். புகைப்படம், கையெழுத்து அல்லது கைரேகை, ஆதார், முகவரிச் சான்று, பழைய ஊனச் சான்று இருந்தால் அதுவும் வேண்டும். விண்ணப்பத்தில் எந்த மருத்துவமனையில் பரிசோதனை என்று தேர்ந்தெடுக்கும் இடம் ஒன்று வரும். அவசரத்தில் அதைத் தவறாகத் தட்டிவிட்டால் விண்ணப்பம் வேறு மருத்துவமனையின் பட்டியலில் போய் உட்கார்ந்துவிடும். மருத்துவக் குழு கூடும் நாளில் நேரில் போய் நின்றாலும் பெயர் இருக்காது.

அதைவிட அதிகம் பேரைத் தடுத்து நிறுத்துவது இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும், வங்கிக் கணக்கில் இனிஷியலே இருக்காது. மூன்றையும் கம்ப்யூட்டர் மூன்று ஆட்களாக எடுத்துக்கொள்கிறது. அடையாள அட்டைக்குப் போடும் முன்பே ஆதாரை மதிப்பெண் சான்றுக்கு ஒத்தபடி திருத்திக்கொள்வது நல்லது. பிறகு திருத்த வேண்டுமானால் ஒவ்வொரு அலுவலகத்திலும் தனித்தனியாக மனு கொடுக்க வேண்டியிருக்கும்.

அட்டை கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படித்துப் பார்க்க வேண்டும். அதில் உள்ள பட்டையின் நிறம் சதவீதத்தைக் காட்டும்: 40-க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கே அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு. அந்த 4 சதவீதமும் ஒரே குவியலாக இல்லை. பார்வைக் குறைபாட்டுக்கு 1, செவித்திறனுக்கு 1, கை கால் இயக்கக் குறைபாட்டுக்கு 1, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாம் சேர்ந்து 1 என்று பிரித்திருக்கிறார்கள். ஆகவே அட்டையில் குறைபாட்டின் வகை தவறாக ஏறியிருந்தால், அரசுத் தேர்வில் போட்டியிடும் பட்டியலே மாறிப்போகும். தற்காலிகச் சான்று என்றால் காலாவதி தேதி போட்டிருக்கும். அந்தத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே மறுபரிசோதனைக்குப் போக வேண்டும். 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, இப்போது 21. குள்ளத்தன்மை, தலசீமியா, அரிவாள் செல் சோகை, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு எல்லாம் உள்ளே வந்துவிட்டன. பத்து வருடத்துக்கு முன் ‘உங்களுக்குக் கிடையாது’ என்று திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்கள் மறுபடி ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு. பதிவு இலவசம், ஆன்லைனிலேயே செய்யலாம். இதை ‘அரசு வேலைக்கான வரிசை’ என்று நினைத்து வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குரூப் 2, குரூப் 4 எல்லாம் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு வழிதான், பதிவு மூப்பால் வருவதில்லை. அந்த எதிர்பார்ப்பை விட்டுவிட்டுப் பார்த்தால் பதிவு வேறு மூன்று விதத்தில் பயன்படும். போட்டித் தேர்வுக்கான தன்னார்வப் பயிலும் வட்டத்தில் கட்டணமில்லாமல் படிக்கலாம். தனியார் துறை முகாம்களின் அறிவிப்பு கிடைக்கும். மூன்றாவது, வேலையில்லாதோர் உதவித்தொகை.

உதவித்தொகையில் பதிவுத் தேதிதான் எல்லாம். பொதுப் பிரிவில் பதிவு செய்து 5 ஆண்டு முடிந்திருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவருக்கு மாதம் 200, தேறினால் 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600, மூன்று ஆண்டுகளுக்கு. மாற்றுத்திறனாளிக்கோ பதிவு செய்து ஒரே ஆண்டு முடிந்தால் போதும், வருமான வரம்பும் கிடையாது. பத்தாம் வகுப்பு வரை 600, பிளஸ் டூவுக்கு 750, பட்டதாரிக்கு 1,000, பத்து ஆண்டுகள் வரை. ஒரு பட்டதாரிக்குக் கணக்குப் போட்டால் மொத்தம் 1,20,000 ரூபாய். ஆனால் பதிவில் ‘மாற்றுத்திறனாளி’ என்ற இடத்தை நிரப்பாமல் விட்டவரை அலுவலகம் பொதுப் பிரிவில்தான் பார்க்கும், ஐந்து வருடம் காக்க வைக்கும். அட்டை வந்த வாரமே பதிவில் அதை ஏற்றிவிட வேண்டும். பதிவை 3 ஆண்டுக்கு ஒரு முறை, பதிவு செய்த மாதத்தில் புதுப்பிக்க வேண்டும். உதவித்தொகை வாங்குபவர் ஆண்டுதோறும் சுய உறுதிமொழி ஆவணமும் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்க மறந்தால் பணம் நின்றுவிடும், நின்ற விஷயம் மூன்று மாதம் கழித்து பாஸ்புக் போடும்போதுதான் தெரியும், ஏனென்றால் தொகை காலாண்டுக்கு ஒரு முறைதான் கணக்கில் ஏறுகிறது.

தொகையைப் பற்றி வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். மாதம் 300 ரூபாய் என்பது அரூரிலிருந்து தருமபுரிக்கு நாலு தடவை வேலை தேடிப் போய்வந்து, வழியில் ஒரு வேளை சாப்பிட்டாலே கரைந்துபோகும். வருமான வரம்பான 72,000-மும் மாதம் 6,000 என்றாகிறது. கூலிக்குப் போகும் இரண்டு பேர் உள்ள வீடே அந்த வரம்பைத் தாண்டிவிடும். இரண்டையும் உயர்த்தியாக வேண்டும்.

இனி முகாம். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வேலைவாய்ப்பு அலுவலகத்திலேயே சிறிய முகாம் நடக்கும். அவ்வப்போது கல்லூரி வளாகங்களில் பெரிய முகாம் நடக்கும். ஓசூர், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி, குருபரப்பள்ளி பக்கத்துத் தொழிற்சாலைகள் வருவதால், ஆள் தேவை உண்மையானது. மின்னணுப் பொருள், ஸ்கூட்டர், காலணி, வாகன உதிரிபாகம் என்று வேலைகளும் பலவிதம். இந்தப் பகுதியில் பெண்களுக்கு இவ்வளவு வேலை முன்பு இருந்ததில்லை. முகாமின் பலம் இது.

பலவீனம், மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது யார் என்பதில் இருக்கிறது. பேனரில் பெரிய கம்பெனியின் பெயர் இருக்கும், பேசுபவர் ஆள் எடுத்துக் கொடுக்கும் கான்ட்ராக்டராக இருப்பார். ‘கம்பெனி ரோலா (கம்பெனியே நேரடியாக எடுக்கும் வேலையா), கான்ட்ராக்டா, அப்ரண்டிஸா’ என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அப்ரண்டிஸ் என்றால் 1961 ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பயிற்சி, கிடைப்பது சம்பளமல்ல, உதவித்தொகை. முடிவில் தேசியத் தொழிற்பழகுநர் சான்று கிடைக்குமா என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அந்தச் சான்று கிடைத்தால் குறைந்த தொகைக்கும் போகலாம், வெறும் ‘டிரெய்னி’ என்று ஒரு வருடம் ஓட்டுவதில் பயனில்லை.

சம்பளத்தைச் சொல்லும் விதத்திலும் கவனம் தேவை. மேஜையில் 18,000 என்பார்கள். அது பெரும்பாலும் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. உதாரணமாக அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 12,000, மற்ற படிகள் 4,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் சம்பளம் 16,000. கம்பெனி தன் பங்குக்குக் கட்டும் பி.எப். 1,440, இ.எஸ்.ஐ. 520 சேர்ந்தால் 17,960 ஆகிவிடும். அதைத்தான் 18,000 என்கிறார்கள். தொழிலாளியிடம் பிடிப்பது பி.எப். 12 சதவீதமாக 1,440, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதமாக 120. மிச்சம் 14,440. அதில் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 2,500 பிடித்தால் கையில் வருவது 11,940. இந்தக் கணக்கை முகாமிலேயே ஒரு தாளில் போட்டுக் காட்டச் சொல்லலாம். காட்டத் தயங்கும் இடத்தில் பயோடேட்டாவைக் கொடுக்காமல் வருவதே நல்லது. இன்னொன்று, இ.எஸ்.ஐ.யில் சேர்வதற்கான சம்பள வரம்பு மற்றவர்களுக்கு மாதம் 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. 22,000 சம்பளம் வாங்கும் மாற்றுத்திறனாளியை ‘நீங்கள் வரம்புக்கு மேலே’ என்று விட்டுவிடும் கணக்கர்கள் உண்டு. அவர்களுக்கு இந்த விதி தெரியாததால் வருவது அது, எடுத்துச் சொன்னால் சரிசெய்வார்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கு முகாமில் தனி மேஜை போடுவது நல்ல வழக்கம். அங்கே திறமையைப் பற்றிக் கேட்கிறார்களே தவிர, அந்த ஆள் தினமும் வேலைக்கு எப்படி வந்து போவார் என்று கேட்பதில்லை. வேலையில் சேர்ந்த மாற்றுத்திறனாளிகள் முதல் மூன்று மாதத்தில் விட்டுவிடுவதற்கு வேலை தெரியாதது பெரும்பாலும் காரணமல்ல. கம்பெனி பஸ்ஸின் முதல் படி முழங்கால் உயரம். கழிப்பறைக் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையாது. காது கேளாதவருக்கு அபாய மணி அடித்தது தெரியாது, சூப்பர்வைசர் சொன்ன மாற்றமும் தெரியாது. அதனால் சேரும் முன்பே கேட்க வேண்டியவை: சாய்தளம் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் இருக்கிறதா, கழிப்பறைக் கதவு 90 சென்டிமீட்டர் திறக்கிறதா, அபாய மணியோடு விளக்கும் எரியுமா, அன்றைய வேலையை எழுதிக் காட்டுவார்களா, உட்கார்ந்து செய்யும் லைன் உண்டா, நைட் ஷிப்டுக்கு விலக்கு உண்டா. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் மாற்றுத்திறனாளிகளைப் பணியமர்த்தும் சமவாய்ப்புக் கொள்கையை எழுத்தில் வைத்திருக்க வேண்டும், அதற்கென ஓர் அலுவலரையும் நியமிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ‘உங்கள் சமவாய்ப்புக் கொள்கையைப் பார்க்கலாமா’ என்று ஒரு வரி கேட்டாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார்வார்.

இதெல்லாம் முடியாத காரியமில்லை. ஓசூரில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை 1980-களில் தொடங்கிய காலத்திலிருந்தே மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுத்தது. நுணுக்கமான அசெம்ப்ளி வேலைக்கு அவர்கள் பொருந்துவார்கள் என்பது இந்த மாவட்டத்திலேயே நிரூபணமான விஷயம். புதிதாக வரும் தொழிற்சாலைகள் அந்த அனுபவத்தைக் கேட்டு எடுத்துக்கொண்டாலே போதும்.

பயிற்சி என்று பார்த்தால், இந்த வாசல்களில் மிக உறுதியானது அரசு ஐ.டி.ஐ.தான். தருமபுரிக்குக் கடகத்தூரில், பிறகு அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று இருக்கிறது. எட்டாம் வகுப்பு முடித்தவர் வெல்டர், வயர்மேன் சேரலாம். பத்தாம் வகுப்புக்கு பிட்டர், எலக்ட்ரீசியன், டர்னர், மெஷினிஸ்ட். வெல்டரும் கோபா எனப்படும் கம்ப்யூட்டர் பிரிவும் ஓராண்டு, பிட்டர், எலக்ட்ரீசியன் இரண்டாண்டு. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, காலணி, பாடப்புத்தகம், வரைபடக் கருவி, பஸ் பாஸ் எல்லாம் கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்து வந்தவருக்குப் புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மேலும் 1,000. ஆண்களுக்கு வயது வரம்பு 40, பெண்களுக்கு வரம்பே இல்லை. பிள்ளைகள் பெரியவர்களான பிறகு சேர நினைக்கும் பெண்களிடம் இதை யாரும் சொல்வதில்லை. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்து மொழித்தாள் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்றும் பெறலாம். கல்லூரிக் கதவு மூடவில்லை என்பதை முதல் வருடத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

பட்டறையில் முதல் சில வாரம் அரத்தோடுதான் போராட்டம். ஒரு மைல்டு ஸ்டீல் துண்டை வைஸில் பிடித்து, அரத்தால் தேய்த்துத் தேய்த்து, ட்ரை ஸ்கொயர் எனப்படும் செங்கோண மட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார்கள். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் இன்னும் 90 டிகிரி வரவில்லை என்று அர்த்தம். ‘கம்ப்யூட்டரே மெஷினை ஓட்டும் சி.என்.சி. காலத்தில் இது எதற்கு’ என்று இந்தக் கட்டத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். ஆனால் ஓசூரில் ஆள் எடுக்கும் தொழிற்சாலைகளில் வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவியைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்வதுதான் முதல் தேர்வு. அளவு கையில் படிவது அரம் பிடித்த அந்த வாரங்களில்தான். டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து மாநிலத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.களில் ரோபோட்டிக்ஸ், மேம்பட்ட சி.என்.சி., மின்வாகன மெக்கானிக் போன்ற, 4.0 எனப்படும் நவீனப் பிரிவுகள் வந்திருக்கின்றன. அவை நன்றாக இருக்கின்றன, அடிப்படை தெரிந்தவருக்கு.

ஐ.டி.ஐ.யில் இடிக்கும் இடம் காலம். சேர்க்கை அறிவிப்பு வருவது மே, ஜூன். கிருஷ்ணகிரி, பர்கூர், போச்சம்பள்ளி பக்கம் அது மாங்காய் சீசன். வீட்டில் எல்லோரும் தோப்பிலும் மண்டியிலும் இருப்பார்கள். அறிவிப்பைப் பார்ப்பதற்குள் விருப்பப்பட்ட பிரிவு நிரம்பிவிடும், மிச்சம் இருப்பதில் சேர்ந்து மனமில்லாமல் படிப்பார்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, மாற்றுச் சான்று மூன்றையும் ஏப்ரலிலேயே எடுத்து வைத்திருப்பவருக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை.

கிராமத்து இளைஞர்களுக்கு மகளிர் திட்டம் வழியாகத் தங்கிப் படிக்கும் இலவசக் குறுகிய காலப் பயிற்சி உண்டு, வயது 18 முதல் 35, மாற்றுத்திறனாளிகளுக்கு 45 வரை. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வனும் கல்லூரி மாணவர்களுக்கு நல்ல படிப்புகளைத் தருகிறது. இரண்டிலும் சேரும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: போன பேட்சில் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள், அவர்களில் இரண்டு பேரோடு பேச முடியுமா. பேசவிடும் மையம் நல்ல மையம்.

சொந்தத் தொழில் எண்ணம் உள்ளவருக்கு இந்தியன் வங்கியின் பயிற்சி நிலையம் நம்பிக்கையாகப் பரிந்துரைக்கத் தக்கது. தையல், அழகுக்கலை, பைக் மெக்கானிக், கறவை மாடு வளர்ப்பு போன்றவை, சில நாள் முதல் ஒன்றரை மாதம் வரை. பயிற்சி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம். முடித்தபின் இரண்டு வருடம் தொடர்ந்து விசாரித்து, வங்கிக் கடன் வரை துணைக்கு வருவதும் இவர்கள் பணியில் சேர்ந்தது. தையல் படித்தவருக்கு 2 லட்சத்தில் கடை போடும் எண்ணம் என்றால், மாவட்டத் தொழில் மையத்தின் வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு, அதாவது 50,000. எட்டாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும். பெண்கள், மாற்றுத்திறனாளிகள் போன்ற சிறப்புப் பிரிவினர் தம் பங்காக 5 சதவீதம், 10,000 ரூபாய் போட வேண்டும்.

தொழில் மையம் பரிந்துரைத்த விண்ணப்பம் வங்கியில் போய் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் குழு லோன். மைக்ரோ பைனான்ஸில் வாங்கிய கடனில் நாலு தவணை தவறியிருந்தால் கடனை ஒழுங்காகக் கட்டியதைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணில் அது தெரிந்துவிடும். விண்ணப்பிக்க ஆறு மாதம் முன்பே அந்தத் தவணைகளைக் கட்டி முடித்து, கடன் இல்லை என்ற கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மெஷினுக்கான கொட்டேஷன் ஜி.எஸ்.டி. எண் உள்ள கடையிலிருந்து இருக்க வேண்டும், பழைய மெஷினுக்கு வாங்கிய சீட்டு செல்லாது.

கடைசியாக பஸ். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கட்டணம் இல்லை. ஆனால் அஞ்செட்டியிலிருந்தோ சித்தேரியிலிருந்தோ வருபவருக்கு டவுன் பஸ் பாதி வழிக்குக்கூட உதவாது. அதற்கு, வேலைக்கோ பயிற்சிக்கோ போகும் மாற்றுத்திறனாளிகளுக்கு 100 கிலோமீட்டர் வரை இலவசப் பயணச் சலுகை இருக்கிறது. தருமபுரியிலிருந்து ஓசூர் சுமார் 90 கிலோமீட்டர், அந்த எல்லைக்குள் வந்துவிடும். நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கும்போது அடையாள அட்டை நகலோடு, பயிற்சி நிலையமோ நிறுவனமோ கொடுத்த சான்றையும் கேட்பார்கள். அந்தச் சான்றில் ஏறும் ஊர், இறங்கும் ஊர் இரண்டும் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். ‘தருமபுரி மாவட்டம்’ என்று மட்டும் எழுதி வாங்கி வந்தால் மறுபடி ஒரு நாள் அலைய வேண்டும். வேலையில் சேரும் முதல் நாளே ஹெச்.ஆரிடம் இந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிவிட வேண்டும், முதல் சம்பளம் வருவதற்கு முன் கைக்காசு தீர்ந்து வேலையை விட்டவர்கள் பலர்.